செடியின் சிவப்பா, விளக்கின் சிவப்பா? மூவண்ண எல்.இ.டி. விளக்குடன் பத்து மாதங்கள்

நன்னீர்ச் செடித் தொட்டிகளுக்கென்றே விற்கப்படும் மூவண்ண எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பத்து மாதங்களாக ஒரே தொட்டியின்மேல் எரியவிட்டு வருகிறேன். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறச் சில்லுகள் வரிசையாகப் பதிக்கப்பட்ட, 60 சென்டிமீட்டர் நீளமும் 60 வாட் திறனும் கொண்ட விளக்கு இது. செடிகளைச் சிவக்க வைக்கும் என்ற உறுதிமொழி அதன் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். ஆகவே அந்த உறுதிமொழி எந்த அளவுக்கு உண்மையாயிற்று என்பதையே இங்கே முதன்மையாக எழுதுகிறேன். இதே அமைப்பிலான விளக்குகளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன; நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 36 சென்டிமீட்டர் உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி. அடிமண்ணும் கற்களும் போக ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொள்ளும். அடியில் சத்து மண், நடுவில் ஒரு மரக்கட்டை, அதில் கட்டப்பட்ட அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும், பின்புறம் ரோட்டாலா, லட்விஜியா போன்ற தண்டுச் செடிகள், முன்புறம் ஆல்டர்நாந்தெராவின் குட்டை வகை, பன்னிரண்டு கார்டினல் டெட்ரா மீன்கள். இதற்கு முன் 6500 கெல்வின் நிற வெப்பம் கொண்ட 18 வாட் வெண்ணிற விளக்கு ஒன்று இருந்தது. அதன் கீழ் எதுவும் சாகவில்லை, ஆனால் எதுவும் சிவக்கவுமில்லை. சிவப்பு என்று சொல்லி வாங்கிய லட்விஜியா பித்தளை நிறத்திலும், ரோட்டாலா முழுப் பச்சையாகவும் நின்றன. கணுக்களுக்கு இடையே நீண்ட இடைவெளி விட்டு, கீழ் இலைகளை உதிர்த்துவிட்டு, ஒளியைத் தேடி நீர்மட்டத்தை நோக்கி அவை ஓடிக்கொண்டிருந்தன.

புதிய விளக்கைப் பொருத்திய முதல் மாலையை நான் எளிதில் மறக்கமாட்டேன். சுவிட்சைப் போட்ட கணத்தில், அதே நீரும் அதே செடிகளும் வேறொரு தொட்டியாகத் தெரிந்தன. லட்விஜியா குங்கும நிறம் கொண்டது. டெட்ரா மீன்களின் சிவப்புப் பட்டை தணல் போல் எரிந்தது. அனுபியாஸின் பச்சைகூட எண்ணெய் பூசியது போல் ஆழ்ந்தது. காலையில் பித்தளை நிறத்தில் இருந்த செடி மாலையில் சிவந்திருந்தால் அதற்குக் காரணம் வளர்ச்சியாக இருக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் மனம் அதை ஏற்க விரும்பவில்லை. ஒரு வாரம் கழித்து, லட்விஜியாவின் நுனியில் மூன்று அங்குலம் வெட்டி, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, நண்பகலில் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மேல் இலைகள் ஆலிவ் பச்சையாக இருந்தன. இலையைத் திருப்பினால் அடிப்புறத்திலும் நடுநரம்பின் ஓரத்திலும் மட்டும் இளஞ்சிவப்பு தெரிந்தது. அதே துண்டைத் தொட்டி விளக்கின் கீழ் பிடித்தேன், கண்முன்னே சிவந்தது. சன்னலுக்கு எடுத்துச் சென்றேன், பழையபடி வெளுத்தது.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்த வகை விளக்கின் நிறையும் குறையும் ஒருங்கே விளங்கிவிடும். சூரிய ஒளியிலும் நல்ல வெண்ணிற விளக்கிலும் எல்லா நிறங்களும் இடைவெளியின்றித் தொடர்ந்து இருக்கின்றன. மூவண்ண விளக்கிலோ மூன்று குறுகிய சிகரங்கள் மட்டுமே இருக்கும்: நீலம் 450 முதல் 460 நானோமீட்டரை ஒட்டியும், பச்சை 520-ஐ ஒட்டியும், சிவப்பு 620 முதல் 660-க்குள் எங்கோ ஓரிடத்திலும் அமையும். இடையிலுள்ள மஞ்சள் பகுதி ஏறத்தாழ வெறுமையாகக் கிடக்கும். பச்சையமும் சிவப்பு நிறமியும் கலந்த ஓர் இலை பகலொளியில் பழுப்பாகத் தெரிவதற்கு அந்த மஞ்சள் பகுதியின் பங்கு பெரிது. அது இல்லாதபோது, இலையில் சிறிதளவே உள்ள சிவப்பும் தனித்துப் பளிச்சென்று கண்ணில் விழுகிறது. இதை நான் ஏமாற்று என்று சொல்லவில்லை. தொட்டியைப் பார்த்து மகிழ்வதற்குத்தான் வைத்திருக்கிறோம். அழகாகக் காட்டும் விளக்கு தன் கடமையில் பாதியைச் செய்துவிட்டது. ஆனால் காட்டுவது வேறு, வளர்ப்பது வேறு. பெட்டியில் அச்சிட்டவர்கள் இரண்டையும் ஒரே சொற்றொடரில் அடைத்துவிட்டதுதான் என் முதல் குறை.

வளர்க்கும் பாதியைப் பார்ப்போம். ஒளியின் அளவாகப் பெட்டியில் லூமென் கணக்கு ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. லூமென் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதன் அளவு. கண் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சை மஞ்சள் ஒளியில்தான் அதிகக் கூர்மையாகப் பார்க்கும். சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாகத் தரும் விளக்கை அந்தக் கோலால் அளப்பதில் பொருளில்லை. செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களின் எண்ணிக்கை. அதைத்தான் பார் (PAR) அளவு என்று செடி வளர்ப்போர் சொல்கிறார்கள். பார் மீட்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, விளக்கை முழுத் திறனில் எரியவிட்டு, அடிமண் மட்டத்தில் அளந்தேன். நடுவில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 105 மைக்ரோமோல். நான்கு மூலைகளிலும் 55 முதல் 60 வரை. இடையிலுள்ள 28 சென்டிமீட்டர் நீரைத் தாண்டி வந்த ஒளியின் கணக்கு இது. 30 இருந்தால் அனுபியாஸும் கிரிப்டோகோரினும் மனநிறைவோடு வாழும். 50-ஐத் தாண்டினால் பெரும்பாலான தண்டுச் செடிகள் நன்றாக வளரும். சிவப்புச் செடிகள் தம் முழு நிறத்தைக் காட்ட அதற்கும் மேலே போக வேண்டும். அந்த வகையில் இந்த விளக்குக்குத் திறன் போதாது என்று யாரும் குறை சொல்ல முடியாது. உண்மையில் என் தொட்டிக்கு அது மிகையாகவே இருந்தது. நடுவுக்கும் மூலைக்கும் இடையே ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு இருப்பதைச் செடி நடும்போது மனத்தில் கொள்ள வேண்டும். லட்விஜியாவை முதலில் மூலையில் நட்டிருந்தேன். நடுவுக்கு மாற்றிய பிறகுதான் அதன் கணுக்கள் நெருங்கின.

மிகையான ஒளியின் விலையை நான்காவது வாரத்தில் கொடுத்தேன். புதுப் பொருளின் ஆர்வத்தில் முதல் மூன்று வாரங்களும் முழுத் திறனில், நாள்தோறும் 8 மணி நேரம் எரியவிட்டிருந்தேன். முதலில் கண்ணாடியில் பச்சைத் தூள் போன்ற பாசி படிந்தது; துடைத்தால் இரண்டே நாளில் மீண்டும் படிந்தது. பிறகு அனுபியாஸ் இலைகளின் விளிம்பில், கரிய தூரிகை மயிர் போல், கறுப்புப் பாசி முளைத்தது. அது இலையோடு ஒட்டிக்கொள்ளும்; விரலால் இழுத்தால் இலைதான் கிழியும். அப்போது என் தொட்டியில் கரியமில வாயுவுக்காகச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த புட்டி ஒன்றை வைத்திருந்தேன். அது முதல் சில நாட்கள் பொங்கும், பிறகு மெல்ல மெல்ல அடங்கும். ஒளி கூடினால் செடிக்கு வாயுவின் தேவையும் கூடும். வாயு நாளுக்கு நாள் ஏறி இறங்கினால் செடி தடுமாறும், பாசி அந்த இடைவெளியில் புகுந்துகொள்ளும். விளக்கோடு வந்த சிறு கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீச்சல் தெரியாதவனை ஆழத்தில் இறக்கிவிட்டது போல், கரியமில வாயு ஏற்பாடு இல்லாதவர் எத்தனை சதவீதத்தில் தொடங்க வேண்டும் என்று சொல்லாமலே இத்தகைய விளக்கை விற்பது பொறுப்பற்ற செயல் என்றே கருதுகிறேன். இது என் இரண்டாவது குறை, முதலாவதைவிடப் பெரியது. புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் தொட்டியைக் கலைத்துவிட்டு ஒதுங்கிப்போவது இந்த இடத்தில்தான்.

ஒளியைப் பாதியாகக் குறைத்தேன். நேரத்தை 6 மணியாக்கினேன். பாசி பிடித்த இலைகளை வெட்டி எறிந்தேன். வாரந்தோறும் பாதி நீரை மாற்றினேன். இரண்டாம் மாத இறுதியில் ஈஸ்ட் புட்டியை அகற்றிவிட்டு, அழுத்தப்பட்ட வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு, வாயுவை நுண்குமிழிகளாக்கி நீரில் விடும் பீங்கான் டிஃப்யூசர் ஆகியவற்றைப் பொருத்தினேன். விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வாயு திறக்கும்படியும், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடும்படியும் டைமரில் அமைத்தேன். அளவை அறிவதற்கு நீருக்குள் ஒரு டிராப் செக்கர் தொங்குகிறது. கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள நீரும் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியும் அதில் இருக்கும். வாயு குறைவாக இருந்தால் நீலம், லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவை எட்டினால் பச்சை, மிகுந்தால் மஞ்சள். அது மாறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால் அதை மட்டும் நம்பி வாயுவைத் திறந்துவிடக் கூடாது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சுவிடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே, நாளுக்குச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். நான் ஒன்பது நாட்கள் எடுத்துக்கொண்டேன். மீன் ஒன்றும் இழக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த விளக்கை நான் இன்னும் கழற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம். வாயு நிலைபெற்ற இரண்டாவது வாரத்திலிருந்து, நண்பகல் கடந்ததும் இலைகளின் அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழிகள் முத்துக் கோத்தாற்போல் கிளம்பத் தொடங்கின. ஒளியைப் படிப்படியாக 65 சதவீதத்துக்கு உயர்த்தினேன். நடுவில் பார் அளவு 70-ஐ ஒட்டி இருந்தது. ரோட்டாலாவின் நுனிகள் முதலில் செம்பு நிறம் காட்டி, பிறகு ஆரஞ்சு ஏறி, நான்காம் மாதத்தில் தெளிந்த சிவப்பாயின. பழையபடி ஒரு நுனியை வெட்டி வெள்ளைத் தட்டில் வைத்துச் சன்னலுக்குக் கொண்டுபோனேன். விளக்கின் கீழ் தெரிந்த அளவுக்கு இல்லை என்றாலும், பகலொளியிலும் அது சிவப்புதான். இலையின் மேற்புறம் ஒயின் நிறம், அடிப்புறம் அடர்ந்த மாணிக்க நிறம், தண்டுகூட இளஞ்சிவப்பு. இம்முறை நிறம் இலைக்குள் இருந்தது.

இந்த நிறத்தின் இயல்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் விளக்கின் எந்தப் பொத்தானை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது. ரோட்டாலாவிலும் லட்விஜியாவிலும் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. ஒளி மிகும்போது பச்சையத்துக்கு நிழல் தரும் குடை போலச் செடி இதை உண்டாக்கிக்கொள்கிறது. 500 முதல் 550 நானோமீட்டர் வரையிலான பச்சை ஒளியை இது பெரிதும் விழுங்கிவிடுகிறது. நீல ஒளியும் மொத்த ஒளியின் வலிமையும் இதன் உற்பத்தியைத் தூண்டுகின்றன. ஆகவே சிவப்புச் செடிக்குச் சிவப்பு ஒளியைக் கொட்டினால் போதும் என்று எண்ணுவது தவறு. விளக்கின் செயலியில் மூன்று நிறங்களையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம் என்பதால், நானும் முதலில் சிவப்பை முழுமையாகத் திறந்து பச்சையைப் பாதிக்குக் கீழே குறைத்துப் பார்த்தேன். தொட்டி ஊதா நிறம் பாரித்தது. மீன்களின் நீலப் பட்டை மங்கியது. செடியில் எந்த முன்னேற்றமும் இல்லை. இப்போது சிவப்பு 70, பச்சை 62, நீலம் 60 என்ற அளவில் வைத்திருக்கிறேன். இலைக்கூட்டத்தின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே இறங்குவதில் பச்சை ஒளி மற்ற இரண்டையும்விடத் திறமையானது. அதைக் குறைத்தால் தண்டுச் செடிகளின் கீழ்ப்பகுதிதான் முதலில் நிழலில் வாடும்.

ஊட்டச்சத்தின் பங்கையும் விளக்கின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆறாம் மாதத்தில், திரவ உரத்தில் நைட்ரேட்டின் அளவைக் குறைத்து, நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராமை ஒட்டி இருந்ததை 5 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தேன். விளக்கை ஒரு சதவீதம்கூட மாற்றவில்லை. மூன்றே வாரத்தில் ரோட்டாலா அதுவரை காட்டாத அடர்த்தியில் சிவந்தது. நைட்ரஜன் குறையும்போது வளர்ச்சி வேகம் தணிந்து, சேர்ந்த சர்க்கரையைக் கொண்டு செடி ஆந்தோசயனினை மிகுதியாக்குகிறது. ஆனால் அதே மூன்று வாரத்தில் முன்வரிசையிலிருந்த ஆல்டர்நாந்தெரா வளர்ச்சி குன்றி, நுனி சுருண்டு, கீழ் இலைகளை உதிர்த்தது. ஒரே தொட்டி, ஒரே விளக்கு, ஒரே நீர். ஒன்றுக்கு நன்மையாக அமைந்தது மற்றொன்றுக்குப் பட்டினியாயிற்று. பின்னர்தான் புரிந்தது: ஆல்டர்நாந்தெரா நம் பொன்னாங்கண்ணியின் பேரினத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்தின் சிவப்பு ஆந்தோசயனின் அன்று, பீட்ரூட்டில் உள்ளதைப் போன்ற பீட்டாலைன். பீட்டாலைனின் மூலக்கூற்றிலேயே நைட்ரஜன் இருக்கிறது, ஆந்தோசயனினில் இல்லை. ஒரே சிவப்பாக நம் கண்ணுக்குத் தெரியும் இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்பதை ஒரு வாடிய செடி எனக்குக் கற்பித்தது. இப்போது நைட்ரேட்டை 10 மில்லிகிராமில் நிறுத்தி, ஆல்டர்நாந்தெராவின் வேரடியில் மட்டும் உர மாத்திரை புதைக்கிறேன். இரண்டும் நலமாக இருக்கின்றன.

இரும்புச் சத்தைப் பற்றிச் சுருக்கமாக: இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு எட்டவில்லை என்று பொருள். இரும்பை நீரில் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தோடு வரும் இரும்பு உரம் பி.எச். 6.5-ஐத் தாண்டினால் விரைவில் பயனற்றுப் போகும். நீர் சற்றே காரமாக இருப்பவர்கள் டி.டி.பி.ஏ. வகையைத் தேடுவது நல்லது. இரும்பைக் கூட்டிக்கொண்டே போனால் சிவப்பும் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. குறை நீங்கிய பிறகு ஊற்றியவை எதுவும் என் தொட்டியில் நிறத்தை மாற்றவில்லை.

விளக்கின் கீழ் மற்ற செடிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். டைகர் லோட்டஸ் என்ற பெயரில் விற்கப்படுவது தாமரை அன்று, அல்லி. அதன் செந்நிற இலைகளில் கரும்புள்ளிகள் இந்த ஒளியில் மிகத் துலக்கமாகத் தெரிகின்றன. ஆனால் இலை மேலே போய் மிதக்கத் தொடங்கினால் கீழே உள்ளவற்றின் ஒளியைப் பறித்துக்கொள்ளும் என்பதால் காம்போடு வெட்டிவிடுகிறேன். கிரிப்டோகோரின் வென்டி பழுப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் இடையில் நின்றுவிட்டது. அதற்கு இத்தனை ஒளி தேவையுமில்லை. முன்புறத்தில் பாய் விரித்தாற்போல் படரும் மான்டே கார்லோ, மேல் நோக்கி நீளாமல் மண்ணோடு மண்ணாகப் படர்ந்தது. ஒளி கீழே வரை இறங்குகிறது என்பதற்கு அதுவே சான்று. அனுபியாஸை மரக்கட்டையின் நிழற்பக்கத்துக்கு மாற்றினேன். மெதுவாக வளரும் செடியின் இலை நேரடி ஒளியில் கிடந்தால் பாசிக்குத்தான் இடமாகும். கடையில் வாங்கும் தண்டுச் செடிகள் பெரும்பாலும் நீருக்கு வெளியே ஈரக் காற்றில் வளர்க்கப்பட்டவை. நீருக்குள் வந்ததும் பழைய இலைகள் கரைந்து போவது இயல்பு. விளக்கைக் குறை சொல்லும் முன் புது இலைகளுக்காக மூன்று நான்கு வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

இனி விளக்கின் உடலமைப்பு. அலுமினியத்தாலான கனமான உடல். விசிறி இல்லை, ஆகவே ஓசையும் இல்லை. 65 சதவீதத்தில் ஆறு மணி நேரம் எரிந்த பிறகு தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், சுடாது. கால்கள் உறுதியானவை, ஆனால் தொட்டிக் கண்ணாடியின் தடிமன் 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் அவை பொருந்தா. விடியல் போல் மெல்ல ஒளி ஏறும் வசதியை 45 நிமிடங்களுக்கு அமைத்திருக்கிறேன். பழைய விளக்கு திடீரென்று எரியும்போது மீன்கள் கண்ணாடியில் மோதும் அளவுக்கு மிரண்டன. இப்போது அந்த மிரட்சி இல்லை. ஒளியைக் குறைப்பதற்கு விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவைக்கும் முறையைக் கையாண்டிருக்கிறார்கள். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் கைப்பேசியில் எடுக்கும் காணொளியில் கருங்கோடுகள் ஓடும். கண்ணுக்கு அது தெரிவதில்லை. நிழற்படத்திலும் சிவப்பு நிறம் திட்டாகப் பூசியது போல் விழுந்து இலையின் நரம்புகள் மறைந்துவிடுகின்றன. உண்மையான தோற்றத்தைப் படமெடுக்க வேண்டுமானால் சிவப்பைத் தற்காலிகமாகக் குறைக்க வேண்டியிருக்கிறது.

மின்தடை ஏற்பட்டுத் திரும்பினால் விளக்கின் உள்கடிகாரம் தன் நேரத்தை மறந்துவிடுகிறது. ஒருமுறை நான் நான்கு நாட்கள் வீட்டில் இல்லாதபோது இது நடந்தது. விளக்கு நள்ளிரவில் எரிந்து விடியலில் அணைந்திருக்கிறது, வாயுவோ தனி டைமரின்படி பகலில் திறந்திருக்கிறது. ஒளி இல்லாத தொட்டியில் வாயு சேர்ந்தால் அது மீன்களுக்கு ஆபத்து. நல்லவேளையாக ஃபில்டரின் வெளிவாய் நீர்மட்டத்தைக் கலக்கிக்கொண்டிருந்ததால் மீன்கள் தப்பின. ஒரு சிறு பொத்தான் மின்கலத்தை உள்ளே வைத்திருந்தால் இந்த அச்சத்துக்கே இடமில்லை. அன்று முதல் விளக்கின் சொந்த நேர ஒழுங்கை நம்பாமல், விளக்கையும் வாயுவையும் மின்கலம் உள்ள ஒரே வெளி டைமரில் இணைத்துவிட்டேன். அப்படி இணைத்ததால் வாயு முன்கூட்டியே திறக்கும் வசதிக்காக இரண்டு வெளிவாய்கள் கொண்ட டைமர் தேவைப்பட்டது. விடியல் வசதி, மின்சாரம் வந்த நொடியிலிருந்து கணக்கிடும்படி ஓர் அமைப்பு இருந்ததால், தொடர்ந்து வேலை செய்கிறது.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றை வலியுறுத்துவேன். நீரிலிருந்து எழும் ஆவியும் வெடிக்கும் குமிழிகளின் துளிகளும் விளக்கின் அடியிலுள்ள ஒளிபுகும் மூடியில் சுண்ணப் படிவை உண்டாக்குகின்றன. அது மெல்ல மெல்லப் படிவதால் கண்ணுக்குத் தெரியாது. எட்டாம் மாதத்தில் ரோட்டாலாவின் நிறம் சற்றுத் தணிந்தது போல் தோன்ற, உரத்தையும் வாயுவையும் ஐயுற்று ஒரு வாரம் அலைந்தேன். பிறகு பார் மீட்டரை மீண்டும் இரவல் வாங்கி முழுத் திறனில் அளந்தால், நடுவில் 105 இருந்த இடத்தில் 84 காட்டியது. நீர்த்த வினிகரில் நனைத்த மென்துணியால் மூடியைத் துடைத்து, தூய நீரால் மீண்டும் துடைத்த பிறகு 103. துடைக்கும் முன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். சொரசொரப்பான பஞ்சு எதையும் பயன்படுத்தக் கூடாது, மூடி அக்ரிலிக் என்பதால் கீறல் விழும். விளக்கின் உடல் நீர் புகாதது என்றாலும் அதன் அடாப்டர் அப்படியன்று; கம்பி, அடாப்டருக்குப் போகும் முன் ஒருமுறை தாழ்ந்து வளைந்து மேலேறும்படி விட்டால், கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

யாருக்கு இந்த விளக்கைப் பரிந்துரைப்பேன் என்றால், சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஏற்கெனவே வைத்திருந்து, வாரந்தோறும் நீர் மாற்றவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனி வெட்டி நடவும் நேரம் ஒதுக்கக் கூடியவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அவர்களிடம் செடியின் நிறமும் வளரும், வளர்ந்த நிறத்தை இந்த விளக்கு மிக அழகாகக் காட்டவும் செய்யும். கரியமில வாயு ஏற்பாடு இல்லாமல் வண்ணத் தொட்டி வைக்க விரும்புவோர், விளக்குக்கு ஒதுக்கிய தொகையை முதலில் வாயுவுக்குச் செலவிடட்டும். பழைய வெண்ணிற விளக்கே இன்னும் சில மாதங்கள் போதும். வாயுவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இதை வாங்கினால் 40 சதவீதத்துக்கு மேல் திறக்கக் கூடாது. அந்த அளவில் கிரிப்டோகோரினும் அல்லியும் நல்ல நிறம் காட்டும். ரோட்டாலாவிடம் சிவப்பை எதிர்பார்க்கக் கூடாது. தொட்டியின் ஆழத்தையும் அளந்துவிட்டே வாங்க வேண்டும். நண்பரின் 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் இதே விளக்கை முழுத் திறனில் வைத்து அளந்தபோது அடிமண் நடுவில் 62 மட்டுமே கிடைத்தது, மூலைகளில் 35-ஐக்கூடத் தாண்டவில்லை. அந்த ஆழத்துக்கு ஒரு விளக்கு போதாது, இரண்டை அருகருகே பொருத்தத்தான் வேண்டும்.